எடுக்காத கல்

தகரக் கதவு ஒரே உதையில் கீலோடு பிய்ந்து வீட்டுக்குள் விழுந்தது.

கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்த ரத்னம்மா துடுப்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். விழுந்த கதவை மிதித்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கையில் கார் சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பி. இடது கையில் ஒரு வாலிபனின் சட்டைக் காலர். அந்த வாலிபனுக்கு உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"இங்க பச்சையப்பன் யாரு?"

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த பச்சையப்பன் முழங்கையை ஊன்றி எழுந்தான். அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. போன வருடம் உடைந்து, கோணலாகக் கூடிய எலும்பு.

"நாந்தான். இன்னா வோணும்?"

"எழிலரசன் அண்ணன் நான். கோபிகிருஷ்ணன்."

எழிலரசன் என்ற பெயரை ரத்னம்மா மறந்திருக்கவில்லை.

போன கார்த்திகையில் கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து நான்கு வாலிபர்கள் கரடிக்கோனா அருவியைப் பார்க்க வந்தார்கள். இந்தப் பாறைமிட்டா ஊரில் ஒன்பது வீட்டுக்காரர்கள் கைடு வேலைக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறு வந்தால் வீட்டுக்கு வீடு முறை. அன்றைக்குப் பச்சையப்பன் முறை. நான்கு பேரை உள்ளே கூட்டிப் போனான். வெளியே வந்தது மூன்று பேர்தான். அவர்களும் பச்சையப்பனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாறையில் வழுக்கிக் கால் உடைந்தது என்றார்கள். எழிலரசன் குடித்துவிட்டுச் சண்டை போட்டான், கோபித்துக்கொண்டு மலையின் அந்தப் பக்கம் இறங்கி ரோட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். போலீஸ்காரர்கள் மூன்று நாள் தேடினார்கள். பிறகு காணாமல் போனவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

"என் தம்பி எங்கடா?"

"அன்னிக்கே சொல்லிட்டனே சார். அந்தாண்ட எறங்கிப் பூட்டான்..."

"போயிட்டானா? அப்ப அந்தக் கல்லு எதுக்கு அங்கயே கெடக்குது?"

பச்சையப்பன் வளைந்த காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

காட்டு வாயில் கன்னியம்மா கோயில் இருக்கிறது. கோயில் என்றால் வேப்பமரத்தடியில் நட்ட ஏழு செங்கல். எத்தனை பேரைக் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்களோ, கைடு அத்தனை கூழாங்கல்லை அந்தச் செங்கல் முன்னால் வைப்பான். திரும்பி வந்ததும் ஆளுக்கொரு கல்லாக எடுத்து ஓடையில் போட்டுவிடுவான். எவனாவது வேறு வழியில் வெளியே போய்விட்டான் என்று தெரிந்தால், அன்றைக்கே அவனுடைய கல்லையும் எடுத்துவிட வேண்டும். வெளியே வராதவனின் கல்லைத் தொட மட்டும் பாறைமிட்டாவில் எவனுக்கும் கை வராது.

போலீசிடம் பொய் சொன்ன பச்சையப்பனுக்கும் கை வரவில்லை. அந்தக் கல் ஒரு வருடமாக அங்கேயே கிடந்தது.

"நேத்து டீக்கடையில அந்தக் கல்லப் பத்திப் பேசறது காதுல விழுந்துச்சு, என்னன்னு கேட்டேன். உங்க ஊரு ஆளுங்க வாயத் தொறக்கல. ஒருத்தன் மட்டும், 'அது எடுக்கக் கூடாத கல்லு சார்'ன்னான்" என்றான் கோபி. "நேரா போயி இவன வீட்டுலேந்து தூக்கினேன். இவன் பேரு உதயா. என் தம்பி கூட வந்த மூணு பேர்ல ஒருத்தன். ராவெல்லாம் கேட்டுட்டேன். 'கைடுக்குத்தான் தெரியும், கைடுக்குத்தான் தெரியும்'ங்கறான்."

பேசிக்கொண்டே கம்பியை ஓங்கி இறக்கினான். கட்டில் சட்டம் முறிந்தது. பச்சையப்பன் தரையில் உருண்டான். இரண்டாவது அடி அவன் விலாவில் விழுந்தது. மூச்சு நின்றவன் போல வாயைத் திறந்து மூடினான்.

மூன்றாவது அடிக்குக் கம்பி உயர்ந்தபோது ரத்னம்மா பாய்ந்தாள். கொதிக்கும் களி ஒட்டியிருந்த துடுப்பால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். கம்பி விழுந்தது. தோலோடு ஒட்டிக்கொண்ட களியை உதற முடியாமல் அவன் கத்தினான். மறுகையால் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது.

"இவன் இன்னொரு காலையும் ஒடச்சிட்டுத்தான் போவேன். இல்ல, உசுரயே எடுப்பேன்."

கத்தினாலும் வர ஆளில்லை. சனிக்கிழமை. மற்ற கைடு வீட்டார் எல்லோரும் ஆள் பிடிக்க ரோட்டு முனைக்குப் போய்விட்டார்கள். மகள் மஞ்சு ஐந்து மணிக்கே ஃபேக்டரி பஸ் ஏறிவிட்டாள்.

"அவர வுட்டுடு" என்றாள் ரத்னம்மா. "உன் தம்பி எங்க கீறான்னு எனக்குத் தெரியும். நான் காட்டறன்."

"ரத்னா, வாணாம்!" பச்சையப்பன் தரையிலிருந்து முனகினான்.

"நீ சொம்மா இரு, மஞ்சு நைனா. நடக்க முடியாத ஆளு. எத்தினி அடி தாங்குவ?"

முந்தானையைக் கிழித்து நெற்றியில் கட்டிக்கொண்டாள். இரண்டு களி உருண்டையைத் தூக்கில் போட்டு, மேலே மிளகாய்த் துவையலை வைத்து மூடினாள். கூட்டிப் போகிறவர்களுக்குச் சோறு எடுத்துப் போவது கைடு வீட்டுப் பழக்கம். அடித்தவனுக்கும் சேர்த்துத்தான் எடுக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை. ஆணியில் மாட்டியிருந்த நைலான் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டாள். முப்பது முழம். முழத்துக்கு ஒரு முடிச்சு. நுனியில் காலி எண்ணெய்க் கேன் கட்டியிருக்கும், மிதப்பதற்காக.

"அந்தக் கயிறு வாணாம்" என்றான் பச்சையப்பன். "நஞ்சிப் போச்சு அது. திருமலை வூட்டுக் கயித்த எடுத்துக்கினு போ."

"திருமலை அதத் தூக்கிக்கினு ரோட்டாண்ட பூட்டாரு."

"அப்ப அருவி மடுகாண்ட எறங்காத. மேல நின்னே காட்டிட்டு வந்துடு. ரத்னா, கேட்டுக்கோ. கீழ எறங்காத."

அவள் இருவருக்கும் முன்னால் இறங்கி நடந்தாள்.

மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. செம்மண் பாதை காலை இழுத்தது. கன்னியம்மா முன்னால் வந்ததும் ரத்னம்மா குனிந்து இரண்டு கூழாங்கல் பொறுக்கிச் செங்கல்லடியில் வைத்தாள். ஒன்று கோபிக்கு, ஒன்று உதயாவுக்கு. பக்கத்தில் பழைய கல் பாசி பிடித்துக் கிடந்தது.

"இதுவா?" கோபியின் கை நீண்டது.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "போறப்ப தொடாத. வந்தப்பறம் தொடு."

"உன் கோயிலும் நீயும்" என்று காறித் துப்பினான். ஆனால் தொடவில்லை.

ஓடையை ஏழு இடத்தில் கடக்க வேண்டும். முதல் இரண்டில் கணுக்கால் தண்ணீர், மூன்றாவதில் தொடை. ஒவ்வொரு கடவிலும் அவள் முன்னால் இறங்கிக் கால் வைக்கும் கல்லைக் காட்டினாள். "வெள்ளக் கல்லு மேல வை. பச்சையா கீறது வழுக்கும். கம்பிய ஊணு, அதுக்காச்சும் ஒதவட்டும்." உதயா அவள் கால் வைத்த கல்லிலேயே கால் வைத்து வந்தான். கோபி மணிக்கட்டுக் கொப்புளத்தை ஊதிக்கொண்டே நடந்தான்.

நான்காவது கடவைத் தாண்டியதும் அவள் நின்றாள்.

"இங்கியே சொல்லிடறன். உன் தம்பி உசுரோட இல்ல. மடுகுல பூட்டான்."

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் கிளம்பியது. அறை விழுந்த வேகத்தில் அவள் ஈச்சம் புதரில் போய் விழுந்தாள். முள் கன்னத்தைக் கோடு கோடாகக் கிழித்தது.

"அக்காவ அடிக்காத அண்ணா!" உதயா குறுக்கே வந்தான். கம்பி அவன் தோளில் இறங்கியது. அவனும் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வருசம்!" கோபியின் குரல் உடைந்தது. "எங்கம்மா தெனம் வாசல் கேட்டப் பூட்டாம தூங்குது. எவன் கால் பண்ணாலும் ஸ்பீக்கர்ல போடுங்குது. நீங்க எல்லாம் துன்னுட்டு துன்னுட்டுத் தூங்கினீங்களாடி?"

ரத்னம்மா முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"துன்னோம். தூங்கல. என் புருசன் கயிறு போட்டாரு. எட்டல. கால் ஒடஞ்சி கெடந்த ஆளு, அத்தி வேர்ல குந்திக்கினு கயித்த வுட்டாரு. கேனு கறுப்புப் பாறைக்குப் பத்தடி இப்பாலயே நின்னுட்ச்சு. இன்னிக்கும் தூக்கத்துல 'எட்டலடி, எட்டலடி'ன்னு அழுவறாரு. பக்கத்துல படுத்துக்கினு கேக்கறவ நான். அந்த மனுசன் மேல பழி போடாத. நீங்க குடிச்சிட்டு வருவீங்க, குதிப்பீங்க. நாங்க கயிறு போடலாம், மடுக நவுத்தி வைக்க முடியாது."

"போலீசாண்ட ஏன் சொல்லல?"

"இவனுங்க மூணு பேரும் சொல்லாதன்னு காலப் பிடிச்சானுங்க. அவரும் பயந்தாரு. ஊர்ல அருவிய மூடிட்டா ஒம்போது வூட்டுக்கும் மறுபடி கரும்பு வெட்டுதான். நானும்தான் பொய் சொன்னன். உங்கம்மா வந்து கேட்டப்ப அவங்க மூஞ்சப் பாத்தே சொன்னன். அதுக்கு அடிச்சியா, அடி. வாங்கிக்கறன்."

அவன் அடிக்கவில்லை. "நட" என்றான்.

அருவியின் இரைச்சல் முதலில் காலடியில் தெரிந்தது. பிறகுதான் காதுக்கு வந்தது. மேல் பாறையிலிருந்து பார்த்தால் கீழே மடுகு. நாற்பதடி உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்து, வட்டமான பாறைத் தொட்டிக்குள் சுழல்கிறது. எழிலரசன் போன பிறகு எந்தக் கைடும் ஆட்களை மேல் பாறைக்குக் கீழே இறக்குவதில்லை. ரத்னம்மாவும் ஒரு வருடமாகப் புருஷன் முறைக்கு வந்து, இங்கே நின்று காட்டிவிட்டுத் திரும்பியவள்தான்.

"கீழ எறங்கு" என்றான் கோபி.

மடுகின் விளிம்பில் ஒரு பழைய அத்தி மரம். அதன் வேர் ஆள் உட்கார்கிற மாதிரி பாறை மேல் வளைந்திருந்தது. எதிரே, அருவிக்குப் பக்கத்தில், கறுப்புப் பாறை. அதன் அடியில் பொந்து. சுழலில் அகப்பட்டது எதுவும் கடைசியில் அந்தப் பொந்துக்குத்தான் போகும்.

கோபி விளிம்பு வரை போய்த் தண்ணீரைப் பார்த்தான். பிறகு உதயா பக்கம் திரும்பினான்.

"இப்ப சொல்லு. இவ புருசன் கால் எப்படி ஒடஞ்சது? வழுக்கித்தானா?"

உதயா அழுதான். "எழிலுதாண்ணா."

"என்னடா எழிலு?"

"எழிலு குதிக்கணும்னான். கைடு வேணாம்னு இழுத்துப் பிடிச்சாரு. எழிலு அவர கெட்ட வார்த்தையில திட்டி, கீழ தள்ளி, பெரிய கல்லத் தூக்கிக் கால் மேல போட்டான். ரெண்டு தடவ. அவரு கத்தினாரு, நாங்க சிரிச்சோம். போதைல இருந்தோம்ணா. அப்பால எழிலு குதிச்சான். கறுப்புப் பாறையப் பிடிச்சுக்கினு 'டேய், டேய்'னான். எங்களுக்குக் கை கால் ஓடல. ஆள் கூட்டிக்கினு வர மேல ஓடினோம். யாருமே இல்ல. திரும்பி எறங்கினா எழிலு இல்ல. கைடு கயித்தோட உக்காந்திருந்தாரு. எட்டலன்னாரு."

ரத்னம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டாள். வழுக்கி விழுந்து உடைந்த கால் என்றுதான் பச்சையப்பன் அவளிடமும் சொல்லியிருந்தான். கல்லைப் போட்டு உடைத்தார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"செத்தவன் மேல பழி போடறியா?" கோபி உறுமினான். "என் தம்பி அப்பிடிப்பட்டவனாடா?"

கம்பியை இரண்டு கையாலும் ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். உதயா குனிந்துகொண்டான். கம்பி பாறையில் பட்டுத் தீப்பொறி பறந்தது. வீசிய வேகத்தில் கோபியின் கால் பாசியில் வழுக்கியது. ஒரு நொடி அவன் கைகள் காற்றைப் பிடித்தன. அப்புறம் அவன் அங்கே இல்லை.

தண்ணீர் அவனை வலப்பக்கமாகச் சுற்றி இழுத்தது. தலை முங்கியது, எழுந்தது, முங்கியது. கறுப்புப் பாறையில் மோதியபோது கைக்கு ஏதோ பிடி கிடைத்தது. பிடித்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே தண்ணீர் அவனைப் பொந்துக்குள் இழுப்பது அங்கிருந்தே தெரிந்தது.

ரத்னம்மா தோளிலிருந்து கயிற்றைக் கழற்றினாள்.

உதயா அவள் கையைப் பிடித்தான். அவனுடைய ஒற்றைக் கண் அகன்றிருந்தது. "வேணாம்க்கா. மேல வந்தா நம்ம ரெண்டு பேரையும் கொன்னுடுவான். உங்க வீட்டுக்காரரையும் வுட மாட்டான். போன தடவ மாதிரி... அந்தப் பக்கம் எறங்கிட்டான்னு சொல்லிக்கலாம்க்கா."

அவள் ஒரு மூச்சு நேரம் நின்றாள். அவன் சொன்னதில் தப்பே இல்லை. இந்த ஆள் போய்விட்டால் கதவை உதைக்க இனி யாரும் வர மாட்டார்கள். மஞ்சுவின் நைனா இன்னொரு கால் உடையாமல் கட்டிலில் கிடப்பான். பார்த்தவன் இந்த உதயா ஒருத்தன். இவன் ஏற்கெனவே வாயை மூடப் பழகியவன்.

"த்தூ" என்று உதயாவின் கையை உதறினாள். "கல்லு வெச்சிட்டு வந்தவடா நானு. அந்த நுனியப் புடிச்சி மரத்தச் சுத்து."

அத்தி வேரில் உட்கார்ந்து, இரண்டு காலையும் பாறை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். கேனை மடுகில் விட்டாள்.

வீசவே தேவைப்படவில்லை. சுழல் கேனை வாங்கிக்கொண்டு தானாகவே வலப்பக்கம் போனது. முடிச்சுகள் அவள் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாக நழுவின. பத்து. பதினைந்து. கயிறு இப்போது முடிந்துவிடும், இப்போது முடிந்துவிடும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இருபது. இருபத்திரண்டு. கேன் கறுப்புப் பாறையில் டொக்கென்று இடித்தது.

முப்பதில் இருபத்து மூன்று.

அவள் கையைப் பார்த்தாள். கைக்கும் மரத்துக்கும் நடுவே கயிறு தளர்ந்து மடியில் கிடந்தது.

"புடி!" என்று கத்தினாள். "கேன மாருல அணச்சிப் புடி! பாறைய வுடு! வுடுய்யா பாறைய!"

அவன் பாறையை விட்டான். கயிறு விண்ணென்று இழுபட்டு அவள் உள்ளங்கைத் தோலை உரித்தது. உதயா பின்னால் நின்று இழுத்தான். அவளும் இழுத்தாள். நெற்றிக் கட்டு அவிழ்ந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையில்லை. கடைசியில் கோபியின் தலை விளிம்பில் தெரிந்தது. இரண்டு பேருமாக அக்குளைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். குப்புறக் கிடந்து தண்ணீரும் பித்தமுமாகக் கக்கினான்.

ரத்னம்மா கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். வேகவேகமாகச் சுருட்டினாள். வேறு கயிறாக இருக்குமோ என்று பார்த்தாள். இல்லை. பச்சையப்பன் பீடி நெருப்பால் கருக்கிய அதே நுனி. தண்ணீர் இந்த வருடம் குறைவோ என்று பார்த்தாள். கூடினாலும் குறைந்தாலும் பாறைத் தொட்டியின் அகலம் மாறாது.

கோபிக்குப் பல் கிட்டியது. உடம்பு உதறியது. அவள் தூக்கைத் திறந்து ஒரு களி உருண்டையை அவன் கையில் வைத்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துன்னு. ஒடம்பு சூடாவும். அடிக்கத் தெரிஞ்ச கைக்குத் துன்னத் தெரியாதா?"

துவையலைத் தொட்டுத் தின்றான். தின்றுகொண்டே அழுதான். மூக்கும் கண்ணும் ஒழுகின.

"எதுக்குப் போட்ட கயித்த? உன் வீட்டுக்காரர அடிச்சேன். உன்ன அடிச்சேன்."

"கூட்டிக்கினு வந்தவ நானு."

அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு அவள் மடியிலிருந்த கயிற்றைப் பார்த்தான்.

"என் தம்பிக்கும் இந்தக் கயிறுதானா?"

"இதான்."

"எட்டலியா?"

அருவி இரைந்தது. உதயா தலையைக் குனிந்துகொண்டான். மரத்தருகே நின்று கயிற்றின் மறுநுனியைப் பிடித்தவன் அவன்.

"எட்டல" என்றாள் ரத்னம்மா.

கோபி மெல்லத் தலையாட்டினான். கம்பியைத் தேடி எடுத்து மடுகில் எறிந்தான்.

மூன்று பேரும் ஏழு கடவையும் தாண்டித் திரும்பினார்கள். கன்னியம்மா முன்னால் ரத்னம்மா தான் வைத்த இரண்டு கல்லையும் எடுத்து ஓடையில் போட்டாள். கோபி அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பாசி பிடித்த கல்லை அவன் எடுத்துச் சட்டையில் துடைத்தான், பையில் போட்டுக்கொண்டான்.

"அம்மாக்குக் குடுக்கறேன்" என்றான். "போலீசு வந்தா மடுகக் காட்டு. வேற எதுவும் நான் கேக்க மாட்டேன். உங்க வீட்டுக்காரராண்ட... என் தம்பி பண்ணதுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

கோபியும் உதயாவும் ஏறிய கார் கிளம்பிப் போன பிறகும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது.

வீட்டுக்கு வந்தபோது பச்சையப்பன் கதவில்லாத வாசல் வரை நகர்ந்து வந்து நிலையில் சாய்ந்திருந்தான். விலாவைப் பிடித்திருந்தான்.

"வந்துட்டியா? எங்க அவன்?"

"பூட்டான். கல்லயும் எடுத்துக்கினு பூட்டான்."

"மறுபடி வருவானா?"

"வர மாட்டான். உன் கால இன்னா பண்ணாங்கன்னு அந்தப் பையன் சொல்லிட்டான். அவன் அண்ணன் மன்னிப்புக் கேட்டான்."

பச்சையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"கயித்தப் பத்தி இன்னா சொன்ன?"

"எட்டலன்னு சொன்னன்."

அவன் பெருமூச்சு விட்டான். தண்ணீர்ச் சொம்புக்காகக் கை நீட்டினான். அவள் சொம்பைக் கொடுக்கவில்லை. தோளிலிருந்த கயிற்றைக் கழற்றி, ஈரத்தோடு அவன் மடியில் போட்டாள்.

"ஏழு முடிச்சு மீந்துச்சு, மஞ்சு நைனா."